அப்பமே சொன்னவர்

கொற்கை ஃபைவ்ஸ் அணியில் ஆடிய பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அணி பிறந்தது, ஜெயித்தது, கலைந்தது எல்லாம் அதில் வருமாம். "அக்கா, மேனேஜர் அண்ணாச்சியைப் பத்தி நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. நாசரேத்துக்காரிய, தமிழ் நல்லா எழுதுவிய" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போடக்கூடியதாகவும் வரவில்லை.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மரியாதை காரணமல்ல. பெயரைப் போட்டால், "நான் அப்பமே சொன்னேம்லா, இந்தப் பொண்ணு ஒருநாள் என்னைப் பத்தி எழுதும்னு" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

உள்ளரங்கக் கால்பந்து என்றால் இங்கே பாதிப் பேருக்கு இன்னும் என்னவென்று தெரியாது. பக்கத்துக்கு ஐந்து பேர். கூரைக்குக் கீழே, கூடைப்பந்து மைதானம் அளவு இடத்தில் ஆட்டம். பந்து சின்னது, கனமானது, அவ்வளவாகத் துள்ளாது. வெளியே ஓடிவிடாமல் சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குப் பலகை. தென்பக்கத்தில் ஆறு ஊர் அணிகள் சேர்ந்து இதற்கு ஒரு லீக் நடத்தின. அதில் தூத்துக்குடிக்காக ஆடியது நாங்கள். மாசச் சம்பளத்துக்கு ஆடிய பத்துப் பையன்கள், கேரளாவிலிருந்து வந்த ஒரு கோச், பிசியோவாக நான். நான்கு வருடம் இருந்தோம்.

எங்கள் முதலாளி கப்பல் ஏஜென்சி வைத்திருந்தவர். வெளிநாட்டில் எங்கேயோ இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, பழைய துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு கிட்டங்கியைக் காலி செய்தார். சிமெண்ட் தரைமேல் நீல ரப்பர் விரிப்பு ஒட்டி, விளக்குப் போட்டு, சுவரில் ஒரு பெரிய சங்குப் படம் வரைந்து, அணி ரெடி என்றார். அணிக்கு மேனேஜர் வேண்டுமே. தன் ஆபீசில் கிளியரிங் செக்‌ஷனில் காலம் காலமாக உட்கார்ந்திருந்த ஒருவரைத் தூக்கிக் கொண்டுவந்து போட்டார். கால்பந்து தெரியுமா என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "பாப்போம்."

ஆள் பார்க்கப் படுசுத்தம். வெள்ளை அரைக்கைச் சட்டை, காலர் அழுக்காகாமல் இருக்க உள்ளே மடித்துச் செருகிய கைக்குட்டை, சுண்டுவிரலில் மட்டும் நீளமாக ஒரு நகம். மெதுவாகத்தான் பேசுவார். ஆட்டம் நடக்கும்போது இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் ஆழமாக யோசிக்கிறார் என்று நினைப்பார்கள். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன். முடிவு தெரிகிற வரைக்கும் ஒரு வார்த்தை வாயிலிருந்து நழுவிவிடக் கூடாது என்றுதான் அந்தக் கை அங்கே இருந்தது.

முதல் ஆட்டத்தில் நாகர்கோவில்காரர்களிடம் கேவலமாகத் தோற்றோம். பையன்கள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்தார், வாயிலிருந்து கையை எடுத்தார்.

"நான் அப்பமே சொன்னேம்லா, எடுத்தவுடனே ஏறி ஆடக்கூடாதுன்னு."

கோச் நிமிர்ந்து பார்த்தார். "எப்போ சார் சொன்னது? யாரோட சொன்னது?"

"சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். எப்போது, யாரிடம் என்பதெல்லாம் அவருக்கு அநாவசியமான விவரங்கள்.

இரண்டாம் வருடம் கோப்பையை வாங்கினோம். அன்றைக்கும் அவர் அப்பமே சொல்லியிருந்தார், இந்த வருசம் கப்பு நமக்குத்தான் என்று. பேப்பர்காரரிடமும் அதையே சொல்லி, மறுநாள் அது அவர் படத்தோடு வந்தது. ஆட்டக்காரர்கள் படம் கீழே, சின்னதாக.

நடப்பதற்கு முன்னால் அவரிடமிருந்து எதையும் வாங்க முடியாது. பையன்களுக்குப் புது ஷூ வேண்டும், "பாப்போம்." சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேன் எத்தனை மணிக்கு, "பாப்போம்." கோல் கீப்பருக்கு விரல் வீங்கியிருக்கிறது, மாற்றலாமா என்று கோச் கேட்டால் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துக்கொண்டே, "பாப்போம்." கோச் மலையாளத்தில் ஏதோ முணுமுணுப்பார். நல்ல வார்த்தையாக இருக்காது என்று ராகத்திலேயே தெரியும்.

மூன்றாம் வருட அரையிறுதி பெனால்டிக்குப் போனது. விசில் அடித்ததுமே இவர் எழுந்து, போன் வந்த மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முக்கியமான கட்டங்களில் அவருக்கு எப்போதும் போன் வரும். அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். எங்கள் கோல் கீப்பர் இரண்டு பந்தைத் தடுத்தான். அவனே வாசலுக்கு ஓடி, வேண்டுமென்றே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"என்னலே ஆச்சு?"

"போச்சு அண்ணாச்சி."

"நான் அப்பமே சொன்னேம்லா" என்று ஆரம்பித்துவிட்டார். "கையில வீக்கத்தை வச்சுக்கிட்டு நீ நிக்கக்கூடாது, கீப்பரை மாத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே?"

உள்ளேயிருந்து பையன்கள் கத்திக்கொண்டு வந்து கீப்பரைத் தோளில் தூக்கினார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி கண் சிமிட்டினார். பிறகு கீப்பரின் முதுகில் தட்டி, "அதுக்குத்தாம்லே ஒன்ன மாத்தாம விட்டேன்" என்றார். கூச்சமே இல்லை. தோளுக்கு மேல் இருந்த கீப்பருக்குத்தான் கூச்சமாகப் போய், இறங்கிக்கொண்டான்.

இதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மலரில் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒருமுறை அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வைத்தியம் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி அடுக்களையிலிருந்து, "மழை வருமா? துணியை எடுத்துரட்டா?" என்று கேட்டார். இவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். வானம் அவர் கண்ணெதிரே கறுத்துக் கிடந்தது.

"பாப்போம்" என்றார்.

கால்மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. அந்த அம்மா நனைந்த துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கி வர, இவர் என் பக்கம் திரும்பி, "நான் அப்பமே சொன்னேம்லா, எடுன்னு" என்றார். அந்த அம்மா ஈரச் சேலையை முறுக்கிப் பிழிந்தார். பிழிந்த வேகத்தைப் பார்த்து, அது இன்று நேற்றுச் சேர்ந்த கோபமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் அணியின் ஜீவன் ரெக்ஸன். ஆலந்தலைக்காரன், இருபத்து மூன்று வயது, இடது கால் ஆட்டக்காரன். கடற்கரை மணலில் ஆடிப் பழகியவன் என்பதால் ரப்பர் விரிப்பில் அவன் ஓடுவது மற்றவர்கள் சைக்கிளில் போவது மாதிரி இருக்கும். பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு எதிராளியின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பான். எதிராளி அந்தச் சிரிப்பைப் பார்க்கும் நேரத்தில் பந்து வேறெங்கோ போயிருக்கும். நான்காம் வருடம் கோவாவில் ஒரு பெரிய கிளப், லீக் முடிந்ததும் வந்து பார் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. பெரிய மைதானம், பதினொரு பேர் ஆடும் ஆட்டம். அவன் வீட்டில் அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருட இறுதியாட்டம் எங்கள் ஊரில், எங்கள் கிட்டங்கியில். மழைக்காலம்.

உப்பு கிடந்த இடத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை கழுவினாலும் சிமெண்டுக்குள் போன உப்பு போகாது. கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்க ஆரம்பித்தால் சுவரும் தரையும் வேர்த்துவிடும். விரிப்புக்கு அடியில் ஈரம் ஏறி, அங்கங்கே பசை விட்டுக் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். காலை வைத்தால் விரிப்பு நகரும்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ரெக்ஸன்தான் முதலில் காட்டினான். "அக்கா, கொண்டல் அடிக்கு. அங்கன இடது பக்கப் பலகை ஓரமா மிதிச்சுப் பாருங்க." மிதித்துப் பார்த்தேன். பாதத்துக்கடியில் தரை நழுவிப் போனது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் தலையை ஒரு தினுசாக ஆட்டினார். அன்று மாலையே போனில் எழுதி அனுப்பினேன்: இடது பக்கம் விரிப்பு பெயர்ந்திருக்கிறது, பிரித்துக் காயவைத்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது முழங்கால் போகும். "பாப்போம்" என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்துப் படம் எடுத்து அனுப்பினேன். "பாப்போம்." ஆட்டத்துக்கு முந்தின நாள், இடத்தை மாற்றவாவது சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்கும் அதே ஒற்றை வார்த்தை.

ஆட்டத்தன்று நானே சிவப்பு டேப் வாங்கிவந்து அந்த இடத்தைச் சுற்றி ஒட்டினேன். ஆட்டக்காரர்கள் கண்ணில் படுமே, ஒதுங்கி ஆடுவார்கள் என்று ஒரு நப்பாசை. முதலாளியின் விருந்தாளிகள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மேனேஜர் டேப்பைப் பார்த்தார். எடு என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லிவிட மாட்டார். "வந்தவங்க இதப் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ டேப்பை உரித்துவிட்டார்கள். யார் உரித்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

எதிரணி மதுரை. இடைவேளைக்கு இரண்டுக்கு இரண்டு. ரெக்ஸன்தான் இரண்டையும் போட்டிருந்தான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது ஓரத்தில் பந்தை வாங்கி, உடம்பை ஒடித்துத் திரும்பினான். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் விரிப்போடு வேறு பக்கம் போனது.

நான் பலகைக்கு இந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் நின்றேன். எனக்குச் சத்தம் கேட்டது. காய்ந்த ஓலை மட்டையை மடக்கி ஒடிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் என்னவென்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பலகையைத் தாண்டிக் குதித்து ஓடினேன். அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கால் எங்கன இருக்கு? கால் எங்கன இருக்கு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

மேனேஜருக்கு அப்போதும் போன் வந்திருந்தது. கூட்டம் எழுந்து நின்ற சத்தம் கேட்டு உள்ளே வந்தார். வட்டமாக நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சுற்றியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் அப்பமே சொன்னேம்லா, தரை சரியில்லைன்னு."

கோச் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பையன்கள்தான் பிரித்துவிட்டார்கள். காலரிலிருந்து விழுந்த கைக்குட்டையை எடுத்து உதறி, மடித்து, மறுபடியும் செருகிக்கொண்டார். ரெக்ஸன் அவர் காலடியில் கிடந்தான்.

முழங்காலுக்குள் லிகமெண்ட் முழுசாக அறுந்துபோயிருந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. கோவாக்காரர்கள் ஒரு முறை போன் செய்து விசாரித்தார்கள், பிறகு செய்யவில்லை.

எப்படி நடந்தது என்று லீக்கில் அறிக்கை கேட்டார்கள். முதலாளி தன் ஆபீசுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கண்ணாடி மேஜைக்கு எதிரே மேனேஜர் ஒரு நாற்காலியில், நான் ஒன்றில். அவர் ரொம்ப மெதுவாக, வருத்தமான குரலில் ஆரம்பித்தார்.

"அந்தப் பையனுக்கு ஆட்டத்துக்கு முந்தியே முழங்கால்ல வலி இருந்திருக்கு முதலாளி. ஓய்வு குடுக்கணும்னு நான் அப்பமே சொன்னேன். பிசியோம்மாதான் ஆடலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

ஆட்டத்தன்று காலையில் ஒவ்வொருவனையும் படுக்க வைத்துக் காலை மடக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ரெக்ஸனிடம் "வலி இருக்காலே?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றான். நான் போனை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். தரையைப் பற்றி நான் எழுதிய மூன்றும், அவர் போட்ட பதில் மூன்றும் அதில் இருந்தன.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இது நீங்க போட்ட பதில்தானவே?"

"ஆமா முதலாளி" என்றார் மேனேஜர், குரல் கொஞ்சமும் மாறாமல். "தரையை ஒரு பார்வை பாத்து எனக்கு எழுதிப் போடுங்கன்னு நாந்தான் இவங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கையில் இருந்த சாட்சியையே தனக்குச் சாட்சியாக்கிக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். முதலாளி போனைத் திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு இதுதான் வசதி. தரை காரணம் என்றால் கிட்டங்கி அவருடையது. வலி காரணம் என்றால் தப்பு என்னுடையது. அறிக்கை அப்படியே போனது. மறுநாளிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து ஆலந்தலைக்குப் போனேன். ரெக்ஸன் வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தான். பக்கத்தில் வலை குவிந்து கிடந்தது. காலை மடக்கிப் பார்த்தேன். தொடைச் சதை கரைந்து போயிருந்தது. அவனிடம் யாரும் நேராக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் இவன் அண்ணனிடம் சொன்னார், அண்ணன் இவனிடம் வேறு ஏதோ சொன்னான்.

"நான் சொல்லுதேன் கேளு" என்றேன். "கோவாவை மறந்துரு. நடப்ப, படி ஏறுவ, வண்டி ஓட்டுவ. பந்து இனி ஆட முடியாது."

அவன் பக்கத்தில் கிடந்த வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். எனக்கு அழவேண்டும் போல் இருந்தது, அவன் அழாததால் நானும் அழவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, உங்களுக்கு வேலை போச்சுன்னு சொன்னாங்க. எனக்கு நெசமாவே வலி இருந்துச்சு."

"என்ன?"

"அந்த வாரம் முழுக்க வலி. உங்ககிட்ட சொன்னா ஆட விடமாட்டிய. அதான் இல்லைன்னேன். மேனேஜர்கிட்ட சொன்னேன்."

"அவர்கிட்டப் போயா சொன்ன?"

"அவர்கிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்லா அக்கா. ஆனா யார்கிட்டயாவது சொல்லிரணும்னு இருந்துச்சு. 'பாப்போம்'னாரு."

எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. என்மேலும் வந்தது, என் விரலுக்கடியில் இருந்த வலியைக் கண்டுபிடிக்காமல் விட்டதற்காக. ஆனால் அவன் சொன்னதை மறுபடி யோசித்தபோது வேறொன்று புரிந்தது. நான்கு வருடமாக நாங்கள் எல்லாரும் அவரை ஒன்றும் தெரியாமல் பின்னால் வந்து கதை விடுகிற ஆள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. தரை போய்விட்டது என்று நான் சொல்லி அவருக்குத் தெரியும். முழங்கால் வலிக்கிறது என்று இவன் சொல்லித் தெரியும். எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது, இவனுக்கு ஆடும் ஆசை கண்ணை மறைத்திருந்தது. முழுசும் தெரிந்து, தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மறு வாரம் ரெக்ஸன் கம்புகளை ஊன்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தான். "அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வலிக்குன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"ஆமா."

"தரை வேர்த்துக் கெடக்குன்னு அக்கா சொன்னாங்க."

"ஆமா."

"அப்பம் நான் விழுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

அவர் மறுக்கவில்லை. பேப்பரை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். "தெரியும்" என்றார்.

"பெறகு ஏன் சொல்லல?"

நான்கு வருடத்தில் அந்த மனிதரின் வாயிலிருந்து நேரான ஒரு பதிலை நான் கேட்டது அன்று மட்டும்தான். ரெக்ஸனைப் பார்த்து, இதுகூட உனக்குப் புரியவில்லையா என்பது மாதிரிக் கேட்டார்.

"சொல்லி, நீ விழாம ஆடியிருந்தா? மூணாவது கோலும் போட்டிருந்தா? நல்லா ஆடுத பையனை உட்கார வச்சிருப்பான் இந்த மடையன்னு ஊரே என்னைப் பேசியிருக்கும்லா?"

கதவோரம் நின்ற அவர் மனைவி வந்து, அவருக்கு வைத்த டீ டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆட்டோவில் வரும்போது ரெக்ஸன், "பாவம்க்கா அவரு" என்றான். அவன் நல்லவன், சொல்வான். எனக்குப் பாவமாக இல்லை. ஒரு பையனின் கால் ஒரு பக்கம், தன்னை நாலு பேர் மடையன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்து, பயத்தை எடுத்துக்கொண்ட ஆள் அவர். கொலைகாரனிடம்கூட ஒரு கோபம் இருக்கும். இவரிடம் மடிப்புக் கலையாத ஒரு கைக்குட்டைதான் இருந்தது.

அடுத்த வருடம் அணி இல்லை. முதலாளிக்கு ஆசை தீர்ந்துவிட்டது. கோச் ஊருக்குப் போய்விட்டார். நீல விரிப்பைக் கிழித்து வீசிவிட்டுக் கிட்டங்கியில் மறுபடி உப்பு மூட்டை அடுக்கினார்கள். மேனேஜர் தன் பழைய செக்‌ஷனுக்கே போய், அங்கேயே ரிட்டயர் ஆகி, இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த அடுக்குமாடியில் சங்கத்துச் செயலாளராம். லிஃப்ட் பாதியில் நிற்கும்போதெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் திருநெல்வேலியில் வேறு வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனது. ரெக்ஸன் ஊரிலேயே படகு எஞ்சின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான், கல்யாணமும் செய்துகொண்டான். போன வருடம் கோவில் திருவிழாவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டான். போனேன்.

சாயங்காலம் கடற்கரையில் பந்தாட்டம். கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். நான் மணலில் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் ஆனவர்கள் பக்கத்திலிருந்து முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஒருவன் இறங்கினான். ரெக்ஸன். "ஏலே, வேண்டாம்லே!" என்று கத்தினேன். பேண்டு வாத்தியத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பழைய ஓட்டமில்லை. இடது காலை ஊன்றும்போது ஒரு தயக்கம், திரும்பும்போது உடம்பு முழுசாகத் திரும்பியது. இரண்டு தடவை விழுந்தான். இரண்டு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் ஆடினான். அரைமணி நேரம் முழுக்க ஆடினான். கடைசியில் ஒரு தடிமாடு மாதிரி ஆள் எதிரே வந்தபோது, பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு அவன் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். பந்து அந்த ஆளின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. கோல் இல்லை, பக்கத்தில்கூட இல்லை. ஊரே விசில் அடித்தது.

முடிந்ததும் மூச்சு வாங்க வந்து, அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"இந்தா நிக்காங்கல்லா, பச்சைச் சேலை, இந்த அக்காதான் நான் இனி பந்தே ஆட முடியாதுன்னு சொன்னவங்க! எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க!"

அத்தனை கூட்டமும் என் பக்கம் திரும்பிச் சிரித்தது. முகமெல்லாம் சூடாகி, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவள் முழங்கையால் என்னை இடித்தாள்.

"ஏளா, நீயா அப்படிச் சொன்ன?"

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றேன். "தப்பாச் சொல்லிட்டேன்."